பதினோராவது ஷரத்து

ஒப்பந்தம் எழுதுவது என் வேலை.
பல்கலைக்கழகத்தின் நான்காம் மாடி.
ட்ரொண்ட்ஹைம் ஆறு சன்னலில் பாதிதான் தெரியும்.
கணினித் துறை ஒரு கையெழுத்து,
நிறுவனம் ஒரு கையெழுத்து,
இடையில் என்னுடைய இருபத்திரண்டு பக்கம்.

இந்த முறை மீன் பேன்.
சால்மன் முதுகில் ஒட்டிக்கொண்டு
தோலைத் தின்னும் எள்ளளவு உயிர்.
தீவுப் பண்ணையில் வாரந்தோறும்
கூண்டுக்கு இருபது மீனைப் பிடித்து, மயக்கி,
விரல் வைத்து எண்ணுகிறார்கள்.
இங்குன் அந்த எண்ணிக்கையைக் கேமராவுக்குப் பழக்கியிருந்தாள்.
நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரி.
அந்த எண்ணைச் சொல்லும்போதெல்லாம்
பேராசிரியர் ஹால்வார் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

பதினோராவது ஷரத்தில் வந்து சிக்கியது.
ஆய்வை வெளியிடும் முன் தொண்ணூறு நாள்
எங்களிடம் இருக்கட்டும் என்றார்கள் அவர்கள்.
முப்பது என்றோம் நாங்கள்.
மீன் அவர்களுடையது, சரி.
மீனின் படம்?
படத்திலுள்ள பேன்?
எட்டு மாதம் மின்னஞ்சல் போவதும் வருவதுமாக.
அதற்குள் பேன் எத்தனை தலைமுறை கண்டிருக்கும் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
கேட்க ஷரத்தில் இடமும் இல்லை.

பிப்ரவரியில் நானும் படகேறினேன்.
எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
நான் எழுதும் தாள் எதில் போய் முட்டுகிறது என்று
ஒரு தடவை பார்க்கவேண்டும் போலிருந்தது.

வைதோதாஸ் லித்துவேனியாக்காரன்,
இதே கூண்டுகளில் பன்னிரண்டு குளிர்காலம்.
கயிற்றை இழுத்துக் கேமராவை மேலே கொண்டுவந்தான்.
கண்ணாடி முழுக்கப் பாசி.

இங்குன் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவள் கணினிக்குள் வளர்ந்த மீன்கள்
கடவுச்சீட்டுப் படத்துக்கு நிற்பவர்கள்போல்
ஒருபக்கம் காட்டி, அசையாமல் நின்றவை.
இங்கேயோ ஒன்றன்மேல் ஒன்று புரண்டு
வயிறும் முதுகும் வெளிச்சமும் நிழலுமாய்
எதையும் எண்ணவிடாத ஓட்டம்.
ஏட்டு மீனுக்கு வால் அசையாது.

"எத்தனை நாளாய் இப்படி?"
"மூணு வாரம்."
"ஏன் சொல்லவில்லை?"
அவன் கையுறையைக் கழற்றினான்.
"யாரிடம்?"

நான் மனதுக்குள் இருபத்திரண்டு பக்கத்தையும் புரட்டினேன்.
தொடர்புக்கு: சட்டப் பிரிவு, ஆஸ்லோ அலுவலகம்.
தொடர்புக்கு: புல முதல்வர்.
மீனைத் தொட்ட கை ஒன்றுகூட இல்லை.

கம்பளிச் சட்டையின் கையால் பாசியைத் துடைத்தான்.
திரையைக் காட்டினான்:
இது பேன் இல்லை, பழைய வடு.
இதுவும் இல்லை.
துடுப்பின் அடியில் பார், அங்கேதான் குடித்தனம்.
குளிரில் கைபேசி செத்துவிட்டது;
அவள் பென்சிலால் எழுதிக்கொண்டாள்.
பிறகு நிமிர்ந்து கேட்டாள்:
"நீங்கள் பிடிக்கும் இருபது மீன் எவை?
வலைக்குள் வருபவைதானே, மெதுவானவை, சீக்காளிகள்.
தப்பிப்பவை உங்கள் கணக்கில் என்றைக்கு வந்தன?"
அவன் தண்ணீரைப் பார்த்தான்.
பன்னிரண்டு குளிர்காலத்தையும் பார்த்திருப்பான்.
தன் மொழியில் ஏதோ சொன்னான்.
வசவாக இருக்கலாம்.

திரும்பி வந்து சோதித்தபோது அறுபத்தொன்று.
ஹால்வார் கண்ணாடியைத் துடைத்தார், எண்ணைச் சொல்லாமல்.
நிறுவனமோ தொண்ணூறு நாளுக்கு
இப்போதுதான் உண்மையாகவே ஆசைப்பட்டது.

அறுபது என்று முடித்தேன்.
புதிதாக ஒரு ஷரத்தும் சேர்த்தேன்:
திங்கள்தோறும் காலை எட்டுக்கு
கூண்டிலிருந்து ஒருவரும் ஆய்வகத்திலிருந்து ஒருவரும்
தொலைபேசியில் பேசவேண்டும்.
சட்டப் பிரிவு சிவப்பு மையால் அடித்து
ஓரத்தில் எழுதியது:
இது ஷரத்து அல்ல, பழக்கம்.

அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.
எண்களை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி
இருவருக்கும் கொடுத்தேன்.

போன திங்கள் இங்குனின் அறையைத் தாண்டிப் போனேன்.
கதவு ஒருக்களித்திருந்தது.
"பாசியா?" என்றாள்.
எதிர்முனையில் நெடுநேரம் ஏதோ சத்தம், காற்றாக இருக்கும்.
"நூற்றுக்கு எத்தனை என்பதை விடு,
இன்றைக்கு என்ன தெரிகிறது, அதைச் சொல்."